படித்த பிறகு நகல் கிடையாது

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கிள்ளானில் ஓர் அம்மா பத்து டின் முறுக்கைத் தேவையில்லாமல் சுட்டுவிட்டார். தவறு அவருடையதல்ல. அவருடைய மகள் எழுதிய நிரல், ஒரே வாடிக்கையாளரின் ஒரே ஆர்டரை இரண்டு முறை அனுப்பியிருந்தது. அம்மாவின் பட்டியலில் பத்து, மறுபடியும் பத்து. அவரும் இருபது டின்னைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மகள் படிவம் 4 மாணவி. சனிக்கிழமைகளில் கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நடத்தும் சிறிய நிரலாக்க வகுப்புக்கு நடந்து வருவார். இந்தக் கதையை எழுதலாமா என்று கேட்டதற்கு, “பேர் மட்டும் போடாதீங்க சார்” என்றார். போடவில்லை.

அவருடைய தவறு சாதாரணமானது. இணையத்தில் உதவி தேடுகிற எல்லாரும் செய்வது. ஒரு பிழைச் செய்தி வந்தது, “குளோன் போடு, சரியாகிவிடும்” என்று யாரோ சொன்னார்கள், போட்டார், சரியாகிவிட்டது. பிழைச் செய்தி மறைந்ததைத்தான் அவர் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். நானும் பல வகுப்புகளில் அதே ஐந்து வினாடி பதிலைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். இனிமேல் சொல்லப் போவதில்லை. மற்ற ஆசிரியர்களும் சொல்லக்கூடாது என்பதுதான் என் கருத்து. ஏன் என்று விளக்குவதற்கு அந்தப் பிழையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

நீங்கள் ஒரு பக்கத்தில் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தும்போது உலாவி ஒரு கோரிக்கையைத் தயார் செய்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு ‘ரிக்வெஸ்ட்’ என்று பெயர். அது ஒரு பொருள், அதாவது ஆப்ஜெக்ட். அதற்குள் எங்கே போக வேண்டும் என்ற முகவரி இருக்கும். என்ன வகை வேலை என்ற சொல் இருக்கும்: கெட், போஸ்ட், புட், டிலீட் போன்றவை. தபால் உறை மேல் எழுதுவது போன்ற சில குறிப்புகள் இருக்கும்; அவை ‘ஹெடர்’. கடைசியாக உள்ளடக்கம், அதாவது ‘பாடி’. முறுக்கு ஆர்டரில் பெயர், தொலைபேசி எண், எத்தனை டின் எல்லாம் இருப்பது இந்தப் பாடியில்தான்.

முதல் மூன்றையும் நீங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். உள்ளடக்கத்தை ஒரே ஒரு முறைதான் படிக்க முடியும். இரண்டாவது முறை கேட்டால், ‘ஏற்கெனவே படித்தாகிவிட்டது’ என்று உலாவி பிழை காட்டும். நம் மாணவி மாட்டிக்கொண்டது இங்கேதான். வாடிக்கையாளர்கள் அடுக்குமாடியில் மின்தூக்கிக்குள் இருந்துகொண்டு ஆர்டர் செய்வார்களாம், சிக்னல் போய்விடுமாம். அதனால் பக்கத்துக்கும் இணையத்துக்கும் நடுவில் காவலாளி மாதிரி உட்கார்ந்திருக்கும் ‘சர்வீஸ் வொர்க்கர்’ என்ற நிரலை எழுதினார். அது ஆர்டரைப் படித்துக் கைப்பேசியிலேயே சேமித்துக்கொண்டு, பிறகு அனுப்ப வேண்டும். படித்தது, சேமித்தது, அனுப்பப் போனபோது பிழை.

“சார், இது என்ன அநியாயம்? காகிதத்தை ஒரு தடவை படிச்சா எழுத்து அழிஞ்சா போகும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நகல் என்றதும் நம் மனம் போவது ஃபோட்டோஸ்டேட் கடைக்கு. மைகாட்டைக் கொடுத்தால், நீங்கள் அதை எத்தனை முறை பார்த்திருந்தாலும் கடைக்காரர் நகல் எடுத்துத் தருவார். கோரிக்கையின் உள்ளடக்கம் அப்படிப்பட்ட காகிதம் இல்லை. மின்னல் எஃப்எம்மில் நேரலையாகச் செய்தி வாசிப்பதை நினைத்துப் பாருங்கள். செய்தி முடிந்த பிறகு பதிவுப் பொத்தானை அழுத்தினால் விளம்பரம்தான் பதிவாகும். பதிவு வேண்டுமென்றால் வாசிக்கத் தொடங்கும் முன்பே அழுத்தியிருக்க வேண்டும். உள்ளடக்கமும் இப்படித்தான் துண்டு துண்டாக ஓடி வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரீம்’ என்பதைத் தமிழில் ஓடை என்று சொல்வது இங்கே பொருத்தமாகவே இருக்கிறது.

ஏன் இப்படி வைத்தார்கள்? பழைய முறையில் இந்தத் தொல்லை இல்லை. 1999இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 கொண்டுவந்த எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் என்ற நீளமான பெயர் கொண்ட கருவியில், வந்த பதில் உரையை எத்தனை முறை கேட்டாலும் தரும். ஏனென்றால் அது முழுவதையும் நினைவகத்தில் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். நான்கு வரி உரைக்கு அது பரவாயில்லை. ஆனால் இன்று ஒரு பக்கத்திலிருந்து 200 மெகாபைட் காணொளியை ஏற்றுகிறோம், இறக்குகிறோம். யாராவது மறுபடி கேட்டாலும் கேட்கலாம் என்று அத்தனையையும் பிடித்து வைத்திருந்தால், மலிவான கைப்பேசி மூச்சுத் திணறிவிடும். 2015இல் குரோமுக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் வந்த ‘ஃபெட்ச்’ முறை வேறு வழியைத் தேர்ந்தது. துண்டு வரும், நீ எடுத்துக்கொள், நான் மறந்துவிடுகிறேன். இரண்டாவது முறை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்.

அந்த முன்கூட்டிச் சொல்வதுதான் ‘குளோன்’. அதை அழைத்தால் உலாவி ஓடையை இரண்டாகப் பிரிக்கிறது. குழாய் வேலை செய்பவர்கள் ஒரு குழாயை இரண்டாக்க ஆங்கில டி எழுத்து வடிவத்தில் ஓர் இணைப்பு போடுவார்களே, பெயரும் அதிலிருந்து வந்ததுதான். யூனிக்ஸில் பல காலமாக ‘டீ’ என்றொரு கட்டளை இருக்கிறது; உலாவியின் ஓடைகளிலும் அதே பெயர். தண்ணீர் ஏற்கெனவே ஓடித் தீர்ந்த குழாயில் டி இணைப்பு போட்டு என்ன பயன்? அதனால்தான் படித்து முடித்த கோரிக்கையைக் குளோன் செய்யச் சொன்னாலும் உலாவி மறுக்கிறது. முதலில் நகல், பிறகு படிப்பு. வரிசை மாறினால் பிழை.

இந்த மறுப்பை மாணவர்கள் உலாவியின் குறை என்று நினைக்கிறார்கள். நான் அதை நேர்மை என்று சொல்வேன். நகலுக்கு ஒரு செலவு இருக்கிறது; அதைச் செய்யச் சொல்லும் பொறுப்பை உலாவி உங்கள் கையிலேயே கொடுக்கிறது. செலவு எங்கே என்கிறீர்களா? பிரித்த இரண்டு கிளைகளில் ஒன்று வேகமாகப் படிக்கப்பட்டு, மற்றொன்று தொடப்படாமல் கிடந்தால், தொடப்படாத கிளைக்கான துண்டுகளெல்லாம் நினைவகத்தில் வரிசையில் குவிந்து நிற்கும். வேகமான கிளையின் வேகத்துக்குத்தான் ஓடை ஓடும். மெதுவான கிளைக்குக் குவிவதற்கு வரம்பு கிடையாது. 100 மெகாபைட் காணொளியைக் குளோன் செய்துவிட்டு ஒன்றை மறந்துவிட்டால், அந்த 100 மெகாபைட்டும் கைப்பேசிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒவ்வொரு வரியிலும் குளோன் போடுகிற நிரல்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய மடிக்கணினியில் ஒன்றும் தெரியாது. பயன்படுத்துகிறவரின் பழைய கைப்பேசியில்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: பிழைச் செய்தியின் வாசகம் மோசம். ‘படித்தாகிவிட்டது’ என்று சொல்கிறதே தவிர, எந்த வரி படித்தது என்று சொல்வதில்லை. அனுப்புவதும் ஒரு வகையில் படிப்புதான் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு போஸ்ட் கோரிக்கையை ஃபெட்சிடம் கொடுத்துவிட்டால் அதன் உள்ளடக்கம் செலவாகிவிட்டது; அதே பொருளை இரண்டாம் முறை கொடுக்க முடியாது. கெட் கோரிக்கைக்கு உள்ளடக்கமே இல்லாததால் அதை எத்தனை முறை கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் கெட்டை மட்டும் வைத்துப் பயிற்சி செய்த மாணவர்கள் முதல் போஸ்ட்டில் விழுகிறார்கள்.

நகல் என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு காரியங்கள் ஒளிந்திருப்பதும் குழப்பத்துக்குக் காரணம். சமக்குறி போட்டு ஒரு கோரிக்கையை இன்னொரு மாறிக்குள் வைப்பது நகலே அல்ல. வீட்டில் ‘குட்டி’ என்றும் பள்ளியில் முழுப்பெயரிலும் கூப்பிடுகிறார்கள் என்பதற்காக நீங்கள் இரண்டு பேர் ஆகிவிட மாட்டீர்கள். குட்டி சாப்பிட்டால் முழுப்பெயருக்கும் பசி தீர்ந்துவிடும். பழைய கோரிக்கையைக் கொடுத்துப் புதிய ரிக்வெஸ்ட் ஒன்றை உருவாக்குவது இன்னொரு காரியம். அதில் பழையதன் உள்ளடக்கம் புதியதற்குக் கைமாறிவிடும். பழையது ‘படித்தாகிவிட்டது’ என்ற நிலைக்குப் போய்விடும். அங்கே நடந்தது நகல் அல்ல, சாவி மாற்றம். ஹெடரை மாற்றி அனுப்ப வேண்டுமானால் இந்த வழி பயன்படும், ஆனால் பழையதும் வேண்டுமென்றால் முதலில் அதைக் குளோன் செய்திருக்க வேண்டும். இரண்டு முழுப் பொருள்கள் கையில் இருப்பது குளோனில் மட்டுமே.

அப்படியானால் முறுக்கு ஆர்டருக்குக் குளோன் சரிதானே? பிழையை நிறுத்த அது போதும். என்னைக் கேட்டால் அங்கே அதுகூடத் தேவையில்லை. ஓர் ஆர்டர் சில நூறு எழுத்துகள். அதை ஒரே முறை உரையாகப் படித்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, சேமிக்கவும் அனுப்பவும் அந்த உரையையே பயன்படுத்தலாம். உரை ஓடை அல்ல. அது எங்கும் ஓடிப் போகாது. பெரிய கோப்புகளுக்கு, அதுவும் இரண்டு கிளைகளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் படிக்கப் போகும் இடத்துக்குக் குளோனை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த அம்மா கூடுதலாக எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றதற்குக் காரணம் நினைவகம் அல்ல. நகலை மறுபடி அனுப்பியதுதான்.

நடந்தது இதுதான். வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தினார். நகல் கைப்பேசியில் சேமிக்கப்பட்டது, அசல் அனுப்பப்பட்டது. அது சேவையகத்தைச் சேர்ந்து பட்டியலிலும் ஏறிவிட்டது. பதில் திரும்பி வரும்போது மின்தூக்கியின் கதவு மூடியது. பதில் வராததால் ஃபெட்ச் தோல்வி என்றது. நிரல் அதை நம்பியது. சிக்னல் வந்ததும் சேமித்த நகலை எடுத்து அனுப்பியது. சேவையகத்துக்கு அது இன்னோர் ஆர்டர்.

ஃபெட்ச் தோற்றால் நமக்குத் தெரிவது பதில் வரவில்லை என்பது மட்டும்தான். கோரிக்கை போய்ச் சேரவில்லை என்று தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பெரியவர்களே கவனிக்காமல் விடுகிறார்கள். இணையத்தின் அடிப்படை விதிகளை எழுதிய ஆவணங்களில் ஒன்றான ஆர்எஃப்சி 9110, 2022 ஜூனில் வெளியானது. அது கோரிக்கை வகைகளை இந்தக் கண்ணோட்டத்திலும் பிரிக்கிறது. கெட், புட், டிலீட் ஆகியவற்றை இரண்டு முறை அனுப்பினாலும் விளைவு ஒரு முறை அனுப்பியது போலவே இருக்க வேண்டும்: ‘இந்த ஆர்டரை நீக்கு’ என்று இரண்டு முறை சொன்னால் அது இரண்டு முறை நீங்காது. போஸ்ட் அப்படி அல்ல. அதனால், மறுபடி அனுப்பினாலும் கேடில்லை என்று வேறு வழியில் தெரிந்திருந்தால் ஒழிய, போஸ்ட்டைத் தானாகவே மறுபடி அனுப்பாதே என்கிறது அந்த ஆவணம்.

பத்து டின் முறுக்கு சிரிக்கும்படியான விஷயம்தான். அதை உறவினர்கள் வாங்கிக்கொண்டார்கள். இதே நிரல் பணம் செலுத்தும் பக்கத்தில் இருந்தால் சிரிக்க முடியாது. இன்னும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2021 மே 2, ஞாயிறு நண்பகல். சிலாங்கூர், கோலாலம்பூர் மக்களுக்காக அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிப் பதிவு இணையத்தில் திறந்தது. 268,600 இடங்கள் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் முடிந்துபோயின. உங்களில் பலர் அப்போது தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். வீட்டில் அண்ணனோ அக்காவோ தாத்தாவுக்காகக் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தது நினைவிருக்கலாம். அதே மாதம் 26ஆம் தேதி இரண்டாம் சுற்று திறந்தபோது, பக்கம் நகரவில்லை என்ற புகார்கள் குவிந்தன. அப்படிப்பட்ட ஒரு நாளில், பதில் வராத ஒவ்வொரு கைப்பேசியும் தன்னிடமுள்ள நகலைத் தானாகவே மறுபடி மறுபடி அனுப்பினால் என்ன ஆகும்? ஏற்கெனவே திணறுகிற சேவையகத்தின் மேல் சுமை இன்னும் ஏறும். ஒரே ஆளுக்கு இரண்டு இடம் பதிவானால், வேறொருவருக்குக் கிடைக்க வேண்டிய ஊசி ஒன்று வெறுமனே பெயரில் மாட்டிக்கொள்ளும்.

இதற்கு மருந்து நீங்கள் தரவுத்தளப் பாடத்தில் படிப்பதுதான். ஒருவருக்கு ஓர் இடம் என்றால் மைகாட்டின் 12 இலக்க எண்ணையே தனித்த சாவியாக வைக்கலாம். அதே எண்ணில் இரண்டாவது பதிவு வந்தால் தரவுத்தளம் ஏற்காது. முறுக்குக்கு அது ஒத்துவராது, ஒருவரே இரண்டு முறை உண்மையாகவே ஆர்டர் செய்யலாம் அல்லவா? அதனால் பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்தில், கைப்பேசியே யாரோடும் மோதாத ஓர் எண்ணை உருவாக்கி ஆர்டருக்குள் வைக்க வேண்டும். உலாவியில் இதற்கென்றே ‘ரேண்டம் யூயூஐடி’ என்ற வசதி இருக்கிறது. நகல் எடுக்கும்போது அந்த எண்ணும் நகலோடு போகும். சேவையகம் எண்ணைப் பார்த்து, ‘இது வந்துவிட்டது’ என்று பழைய பதிலையே திருப்பித் தரும். பணம் செலுத்தும் சேவைகள் பலவும் இதைத்தான் செய்கின்றன.

நம் மாணவி இதை எழுத ஒரு பிற்பகல் ஆனது. எண்ணை எங்கே உருவாக்குவது என்பதில்தான் முதலில் தவறினார்: அனுப்பும் வரிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் புது எண் பிறந்தது. நகல் இன்னோர் ஆர்டராகவே போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்து, எண் பிறக்கும் வரியை நகல் எடுக்கும் வரிக்கு மேலே தூக்கி வைத்தார்.

உதவி கேட்கும்போது நீங்கள் எடுக்கும் நகலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே இது நடக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் உள்ள ரிக்வெஸ்ட் பொருளுக்குள் உங்கள் ‘குக்கி’ இருக்காது. நீங்கள் உள்நுழைந்திருப்பதற்கான அடையாளச் சீட்டு அது. அனுப்பும் நேரத்தில் உலாவிதான் அதைச் சேர்க்கிறது. நிரல் அதை ஹெடரில் எழுதவும் உலாவி விடாது. ஆனால் உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்து ஒரு கோரிக்கையின் மேல் வலப்பக்கச் சொடுக்கு போட்டு, ‘கர்ல் ஆக நகலெடு’ என்று கொடுத்தால், வரும் உரையில் குக்கியும் சேர்ந்து வரும். அதைக் குழுவில் ஒட்டி ‘ஏன் வேலை செய்யவில்லை?’ என்று கேட்பவர், தன் கணக்கின் சாவியையும் சேர்த்து ஒட்டுகிறார். 2023 அக்டோபரில் ஆக்டா என்ற அமெரிக்க அடையாளச் சேவை நிறுவனத்துக்கு இதற்கு நெருங்கிய ஒன்று நடந்தது. வாடிக்கையாளர்கள் உதவிக்காக அனுப்பிவைத்த உலாவிப் பதிவுக் கோப்புகளை ஊடுருவியவர்கள் எடுத்தார்கள். அவற்றில் இருந்த அடையாளச் சீட்டுகளைக் கொண்டு சிலருடைய கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். ஆகவே ஒட்டும் முன் குக்கி இருக்கும் வரியை நீக்குங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால், இன்றே அந்தக் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

படிவம் 5 கணினி அறிவியலில் உலாவியின் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட், சேவையகத்தின் பக்கம் பிஎச்பி, நடுவில் தரவுத்தளம் என்று எல்லாமே இருக்கின்றன. இருந்தும் பக்கத்திலிருந்து சேவையகத்துக்குப் போகும் அந்தக் கோரிக்கையை யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. நான் கேட்பது ஒரே ஒரு பாடவேளை. ஒரு போஸ்ட் கோரிக்கையை மாணவர்கள் இரண்டு முறை படிக்கட்டும், பிழை வரட்டும். யாரும் பதில் சொல்லாமல் கால் மணி நேரம் அவர்களே முட்டி மோதட்டும். பிறகு குளோன் செய்து இரண்டையும் அனுப்பச் சொல்லுங்கள். தரவுத்தளத்தில் இரண்டு வரிகள் விழுவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். அந்த இரண்டாவது வரியை எப்படித் தடுப்பது என்ற கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். கணினிக் கூடத்தில் இணையம் இல்லாவிட்டாலும், ஒரே கணினியில் சேவையகத்தையும் உலாவியையும் ஓட்டி இதைச் செய்துவிடலாம்.

அந்த முறுக்குப் பக்கம் இன்னும் ஓடுகிறது. இந்த முறை பொங்கலுக்கு அதிரசமும் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. ஒவ்வோர் ஆர்டருக்கும் பக்கத்தில் ஒரு நீள எண் தெரிகிறது. அது எதற்கு என்று அம்மா கேட்டாராம். “அது இல்லாட்டி நீங்க மறுபடியும் இருபது டின் சுடுவீங்க” என்று மகள் சொல்லியிருக்கிறார்.